ஒரே ஆக்களோ, வேற ஆக்களோ

அவளிடம் ஒரு நல்ல குணம் இருந்தது என்று வேறு யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். அதனால் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். விடையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கேள்வியை முடிவுசெய்துவிடுவாள். பார்த்த பிறகு அதை மாற்றமாட்டாள். அவ்வளவுதான். கேட்பதற்கு இது ஒன்றும் பெரிய விஷயமாகத் தெரியாது. அப்படிப்பட்ட ஒருத்திக்குப் பக்கத்து அறையில் வேலை செய்து பார்த்தால்தான் அதன் அருமையும் தெரியும், அதனால் படும் அந்தரமும் தெரியும்.

சூரிச்சில் ஓர் ஆய்வு நிலையம். நான் பிசியோதெரபி படித்துவிட்டு அங்கே கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். அவள் அந்த நிலையத்தின் புள்ளிவிபரக்காரி. தாதிமார், வைத்தியர்கள், என்னைப் போன்றவர்கள் எல்லாரும் சேர்த்துவைத்த எண்களைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் போகவேண்டும். எந்த எண்ணுக்கு எந்தச் சோதனை பொருந்தும், வந்த விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்வது அவள் வேலை. அந்தக் கட்டடத்தில் தமிழ் ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் வரும்வரைக்கும் நான் ஒருத்திதான் இருந்தேன். என்னுடைய கதையைக் கேட்கிறவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொண்டால் நல்லது.

அவளுடைய தாய் தகப்பன் மன்னார்ப் பக்கத்து வேதக்காரர், கத்தோலிக்கர். அவள் வளர்ந்தது லாங்கன்தாலில். அதனால் அவளுடைய ஜேர்மன் பேர்ண் பக்கத்து ஜேர்மன். ஒவ்வொரு சொல்லும் ஆறுதலாகக் கால்நீட்டிக்கொண்டு வரும். சூரிச்சுக்காரரின் கூட்டங்களில் ஒருவர் மூச்செடுத்தால் மற்றவர் புகுந்துவிடுவார். நான் பதினைந்து வருடமாக ஓடி ஓடிப் பேசப் பழகியவள். அவள் ஒரு வசனத்தை ஆரம்பித்துவிட்டு நடுவில் ஜன்னலைப் பார்த்து யோசிப்பாள். எல்லாரும் காத்திருப்பார்கள். நிலையத்தை நடத்தும் பேராசிரியைகூடப் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார்.

சாப்பாட்டு நேரமும் அப்படித்தான். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் சலாட் தின்றே காலத்தை ஓட்டினேன். சோறு கறி கொண்டுபோனால் மணக்கும் என்று கூச்சம். அவள் வந்த முதல் வாரமே பாணும் மாசி மணக்கும் கட்டைச் சம்பலும் கொண்டுவந்து பொதுமேசையில் வைத்துச் சாப்பிட்டாள். யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. அடுத்த வாரம் இரண்டு பேர் சம்பல் செய்முறை கேட்டு அவளுக்குப் பின்னால் திரிந்தார்கள். நான் சலாட்டை அரைவாசியில் மூடிவைத்துவிட்டு எழும்பிவிட்டேன்.

அவளிடம் யார் வந்தாலும் முதலில் எண்களை வாங்கிப் பார்க்கமாட்டாள். "ஒரே ஆக்களோ, வேற ஆக்களோ?" என்று கேட்பாள். அதாவது ஒரே மனிதரை முந்தியும் பிந்தியும் அளந்தீர்களா, அல்லது ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிடுகிறீர்களா என்று. பிறகு, "எண்ணினதோ, அளந்ததோ?" என்பாள். விழுந்தவர் எத்தனை பேர் என்று எண்ணினால் அதற்கு ஒரு சோதனை, எவ்வளவு தூரம் நடந்தார் என்று அளந்தால் அதற்கு இன்னொன்று. கடைசியாக, "இல்லை எண்டு வந்தா என்ன சொல்லுவீர்?" என்று கேட்பாள். சுவிஸ்காரரிடம் ஜேர்மனில் கேட்பாள், என்னிடம் தமிழில். அந்த மூன்றாவது கேள்விக்குத்தான் எல்லாரும் முழிப்பார்கள். ஆம் என்று வரும் என்ற நினைப்போடுதானே எல்லாரும் அவளுடைய கதவைத் தட்டுகிறார்கள்.

எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. என்றாலும் கடைசிவரைக்கும் என்னை "நீர்" என்றுதான் கூப்பிட்டாள். ஒருமுறை "நீ எண்டே கூப்பிடுமன்" என்று சொன்னேன். "வாயில வருகுதில்லை, குறை நினையாதையும்" என்று சிரித்தாள். அந்த மரியாதையும் எனக்கு ஒரு எட்டத்தில் நிறுத்திவைத்த மாதிரித்தான் பட்டது.

என் ஆய்வைச் சொல்லவேண்டும். சீனி வருத்தம் உள்ள எங்கள் பெண்களுக்கு, ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு, நான் ஒரு தேகப்பயிற்சி முறை உண்டாக்கியிருந்தேன். ரப்பர்ப் பட்டியை இழுப்பது, படியில் ஏறி இறங்குவது, நாற்காலியில் இருந்து எழும்புவது. மூன்று மாதம் செய்தால் இரத்தத்தில் சீனி குறையுமா என்று பார்ப்பதுதான் ஆய்வு. ஷ்லீரனில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் இருக்கும் கோயில் மண்டபத்தில் பயிற்சி நடந்தது. ஒப்பிடுவதற்குப் பயிற்சி செய்யாத ஒரு கூட்டமும் வேண்டும். கோயில் பெண்களிலேயே பெயர்களைக் குலுக்கிப் போட்டு இரண்டாகப் பிரித்திருக்கலாம். ஆனால் அக்காவுக்குப் பயிற்சி, தங்கச்சிக்கு இல்லை என்று வந்தால் குடும்பத்தில் கதைபேச்சு நின்றுவிடும். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியாதா? அதனால் கோயில் பெண்கள் முழுவதும் பயிற்சிக்கு. ஓர்லிகோன் தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்கு வரும் வேதக்காரப் பெண்கள் முழுவதும் ஒப்பீட்டுக்கு என்று வைத்தேன். இதெல்லாம் அவள் வருவதற்கு முன்னாலேயே நான் முடித்துவைத்த ஒழுங்கு. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

பலன் தெளிவாக வந்தால் நிலையத்தில் எனக்கு ஒரு நிரந்தர இடம் இருக்கிறது என்று பேராசிரியை சொல்லியிருந்தார். வராவிட்டாலும் பட்டம் கிடைக்கும். ஆனால் ஒப்பந்தம் முடிந்ததும் வெளியே போகவேண்டியதுதான். எனக்கு அந்த இடம் வேண்டும். நாக்கில் தண்ணி ஊற ஊற வேண்டும்.

ஒரு நாள் அளக்க ஆள் காணாது, இன்னும் ஒருவர் வேண்டும் என்று அவளையும் ஷ்லீரன் மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என் கெட்டகாலம். அன்றைக்கென்று ஓர் அன்ரி, மூன்று மாதம் கழித்து இரண்டாம் தரம் அளக்கத் தான் வரமுடியாது என்று நின்றா.

"அண்டைக்கு எனக்கு வேலை, பிள்ளை. என்ர தங்கச்சியை அனுப்பிறன். அவவுக்கும் சீனிதானே. இடம் வெறுமையாக் கிடக்காது" என்றா.

பயிற்சி தொடங்கிய நாளில் இருந்து இதைத்தான் நான் கலர்ப் படமெல்லாம் போட்டு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். நான் வாயைத் திறக்க முதல் அவள் அந்த அன்ரிக்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.

"அன்ரி, உங்கட மனுசன் முந்தியைவிட இப்ப மோசம் எண்டு சொல்லுறதெண்டா ஆரைப் பாக்கவேணும்?"

"வேற ஆரை? அந்தாளைத்தான்."

"முந்தி உங்கட மனுசனைப் பாத்திட்டு, இப்ப தங்கச்சியின்ர மனுசனைப் பாத்துச் சொல்லேலாதோ?"

"ஐயோ, அவர் தங்கமான மனுசன். அதென்னெண்டு ஒப்பிடுறது?" என்று அன்ரி சொல்ல மண்டபமே சிரித்தது.

"அதுதான் அன்ரி. ஒரே ஆளை முந்தியும் பிந்தியும் பாக்க ஒரு சோதனை. ரெண்டு வீட்டு மனுசன்மாரை ஒப்பிட வேற சோதனை. இடையில ஆளை மாத்தினா கணக்குப் பொய் சொல்லும்."

அந்த அன்ரி வேலைத்தலத்தில் நாளை மாற்றிக்கொண்டு வந்தா. மற்றவர்களும் ஒருவர் குறையாமல் வந்தார்கள். "அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு வடிவா விளங்கப்படுத்தத் தெரியுது" என்று என் அம்மா இரவுச் சாப்பாட்டுக்குள் நாலைந்து தரம் சொல்லிவிட்டா. நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அம்மாவை ஆராய்ச்சியில் சேர்க்கக்கூடாது என்று நான் வெளியே நிறுத்தியிருந்தேன். அந்தக் கோபத்தில் அவ மற்றப் பக்கம் சாய்ந்துவிட்டா. ஒரு சனிக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, நான் ஓயாமல் பேசும் "பி பெறுமானம்" என்றால் என்ன என்று அவளைத்தான் கேட்டா. பெற்ற மகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறேன்.

"உங்கட மகளின்ர பயிற்சியில ஒரு பலனும் இல்லை எண்டு வையுங்கோ அன்ரி" என்று அவள் தொடங்கினாள்.

"ஏன் பிள்ளை அப்பிடி வைக்கவேணும்?"

"சும்மா ஒரு கதைக்கு. பலன் இல்லாட்டியும் தற்செயலா ரெண்டு கூட்டத்துக்கும் கொஞ்சம் வித்தியாசம் வரத்தானே செய்யும்? இப்ப வந்திருக்கிற அளவோ அதைவிடக் கூடவோ அப்பிடித் தற்செயலா வாறது எவ்வளவு அரிது எண்டு பாக்கிறது. அந்த இலக்கம் சின்னனா வந்தா, இது தற்செயல் எண்டு நம்பக் கஷ்டம்."

"அப்ப என்ர பிள்ளை சரி எண்டு அர்த்தமோ?"

"அதைச் சொல்லாது அன்ரி. தற்செயல் எண்டு நம்பக் கஷ்டம் எண்டதோட அது வாயை மூடிடும். ஏன் வந்தது எண்டு நாங்கள்தான் தேடவேணும்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியோ, எவ்வளவு லேசு" என்றா.

அவளும் பிழை விடுவாள் என்று நான் ஆவலோடு காத்திருந்தேன். விட்டாள். ஒரு கோடையில் நிலையத்தில் எல்லாருமாக மலை ஏறப் போனோம். ஏறத் தொடங்கும்போதே, "முகில் அந்த முனையைத் தொட்டா திரும்புறது. இப்பவே முடிவெடுப்பம், மேல போனாப்பிறகு ஆசை விடாது" என்று எல்லாரையும் சம்மதிக்கவைத்தாள். உச்சி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் முகில் வந்து தொட்டது. முணுமுணுத்துக்கொண்டு இறங்கினோம். அன்றைக்கு ஒரு துளி மழையும் பெய்யவில்லை. எனக்கு உள்ளுக்குள் திருவிழா. அவள் வானத்தைப் பார்த்துவிட்டு, "பிழைச்சுப்போச்சு" என்று வாய்விட்டுச் சிரித்தாள். பேராசிரியை உடனே, மழை பெய்யாவிட்டாலும் முடிவு சரியான முடிவுதான் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அவளுக்குப் பிழைத்தாலும் அது சரியாகிவிடும். எனக்குச் சரி வந்தாலும் யாராவது இரண்டாம் தரம் பார்ப்பார்கள்.

என் ஆய்வின் விடை மார்கழியில் வந்தது. ஒவ்வொருவருக்கும் முந்திய அளவுக்கும் பிந்திய அளவுக்கும் உள்ள மாற்றத்தை எடுத்து, கோயில் கூட்டத்தின் மாற்றத்தையும் பூசைக் கூட்டத்தின் மாற்றத்தையும் ஒப்பிட்டேன். கோயில் பெண்களுக்குச் சீனி நன்றாக இறங்கியிருந்தது. பூசைப் பெண்களுக்கு அசையவில்லை. பி பெறுமானம் அவ்வளவு சின்னதாக வந்ததைப் பார்த்து நான் கதிரையிலிருந்து எழும்பி ஒரு சுற்றுச் சுற்றினேன். பேராசிரியை கைகொடுத்தார். அடுத்த மாநாட்டில் வாசிக்க எழுதச் சொன்னார். நான் நேரே அவளுடைய அறைக்குப் போனேன். அவளிடம் சரிபார்க்கவென்று சொல்லிக்கொண்டேன். காட்டத்தான் போனேன்.

அவள் எல்லாவற்றையும் ஆறுதலாகப் படித்தாள்.

"சோதனை சரி. நீர் தெரிவு செய்ததில ஒரு பிழையும் இல்லை" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"எப்பிடி எல்லாரையும் ஒரே காலமையில பிடிச்சனீர்? அதுவும் வெறும் வயித்தோட?" என்று கேட்டாள்.

இதைச் சொல்லத்தான் நான் காத்திருந்தேன். "அதுதான் என்ர கெட்டித்தனம். பாறணை அண்டு வைச்சனான். விடியவே எல்லாரும் கோயிலுக்கு வருவினம், ஒருத்தரும் வாயில தண்ணியும் வைச்சிருக்காயினம்."

"பாறணை எண்டா என்ன?"

"கந்தசட்டி ஆறு நாளும் விரதம். ஏழாம் நாள் காலமை விரதம் முடிச்சுச் சாப்பிடுறது பாறணை. சில பேர் ஆறு நாளும் பாலும் பழமும்தான். சில பேர் ஒரு நேரம்தான்..."

அந்த இடத்தில் என் வாய் தானாக நின்றுவிட்டது.

ஓர்லிகோன் பூசைப் பெண்கள் கந்தசட்டி பிடிப்பதில்லை என்பதை ஒருவர் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறு நாள் பட்டினி கிடந்த கூட்டத்தையும், மூன்று நேரமும் சாப்பிட்ட கூட்டத்தையும் நான் ஒப்பிட்டிருக்கிறேன். வித்தியாசம் உண்மை, தற்செயல் அல்ல, சோதனை தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. சீனியை இறக்கியது என் ரப்பர்ப் பட்டியா, முருகனா என்று அதற்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. பிறந்ததிலிருந்து கந்தசட்டி பார்த்து வளர்ந்த எனக்கு இது படவில்லை. பாறணை என்றால் என்ன என்று கேட்ட வேதக்காரிக்கு முன்னால் இருந்துதான் பட்டது.

அவளுக்கு அந்தச் சொல் உண்மையிலேயே தெரியாதா? லாங்கன்தாலில் அவளுக்குச் சைவப் பெடியள் பெட்டையள் எத்தனை சிநேகிதம். தெரிந்துகொண்டே, நானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று கேட்டாளா? கேட்டுப் பார்க்க எனக்கு ஒருநாளும் துணிவு வரவில்லை. தெரியாமல் கேட்டிருந்தால் அவள் அதிர்ஷ்டக்காரி என்று திட்டலாம். தெரிந்து கேட்டிருந்தால் திட்டுவதற்கும் ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் பேராசிரியையிடம் போய்ச் சொன்னேன். மாநாடு போயிற்று. அவர் இதை யார் கவனித்தது என்று கேட்டார். நான் பேச வாயெடுக்க, கூட வந்து பக்கத்தில் நின்ற அவள், "அவவேதான். சொல்லிக்கொண்டு வரேக்கயே பிடிச்சிட்டா" என்று ஜேர்மனில் நீட்டி நீட்டிச் சொன்னாள். நல்ல பெயரை அவள் எனக்கு எடுத்துத் தருகிறாள்! பிச்சை வாங்க எனக்கு மனம் வரவில்லை. "இல்லை, இவவின்ர கேள்வியாலதான் தெரிஞ்சது" என்று நான் குறுக்கே விழுந்து சொன்னேன்.

"நத்தூர்லி" என்றார் பேராசிரியை. நிச்சயமாக என்று அர்த்தம், அதுதானே பார்த்தேன் என்கிற மாதிரி. அவருக்கு அதில் ஓர் ஆச்சரியமும் இல்லை.

எனக்கு இன்னும் ஒரு தவணை தந்தார்கள். இளவேனிலில், பக்கத்தில் எந்த விரதமும் இல்லாத மாதங்களாகப் பார்த்து, இந்த முறை புதிதாகச் சேர்த்த கோயில் பெண்களின் பெயர்களையே குலுக்கிப் போட்டேன். நான் பயந்தபடியே இரண்டு சகோதரிகள் கதைக்காமல் விட்டார்கள். தொடங்குவதற்கு முன்னால் அவள் என்னை இருத்திவைத்துக் கேட்டாள்.

"எந்தச் சோதனை எண்டு இப்பவே சொல்லும். ஆரைச் சேர்ப்பீர், ஆரை விடுவீர் எண்டும் சொல்லும். வித்தியாசம் தெளிவா வராட்டி என்ன எழுதுவீர்?"

"பலன் இல்லை எண்டு எழுதுவன்" என்றேன் வீம்பாக.

"அதுவும் எழுதேலாது. எங்களுக்குத் தெரியேல்லை எண்டுதான் எழுதலாம். இல்லைக்கும் தெரியேல்லைக்கும் நிறையத் தூரம்."

சரி என்று எல்லாவற்றையும் சொன்னேன். பெயர்கள் குலுக்கிய கூட்டம் இரண்டு, மாற்றங்களின் சராசரியை ஒப்பிடும் சோதனை ஒன்று, வந்தவர் வராதவர் எல்லாரையும் சேர்ப்பது. அவள் தலையாட்டினாள்.

ஆனி மாதம், ஒரு பின்னேரம், அவளுடைய அறையில் இருவரும் இருந்தோம். எண்கள் எல்லாம் உள்ளே போயிருந்தன. பொத்தானை நான்தான் அழுத்தினேன். பயிற்சிக் கூட்டத்துக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருந்தது. கொஞ்சம்தான். அந்தளவு வித்தியாசம் தற்செயலாகவும் வந்துவிட்டுப் போகலாம் என்று விடை சொன்னது. நல்ல பலனும் இருக்கலாம், ஒரு பலனும் இல்லாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் இடம் இருந்தது. அந்த எண்ணோடு எனக்கு நிரந்தர இடம் இல்லை. அவளும் திரையைப் பார்த்தாள்.

எனக்கு வழிகள் தெரியும். மூன்று வருடம் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளுக்குத் தெரியாமல் போகுமா? பயிற்சிக்கு ஒழுங்காக வராத இரண்டு அன்ரிமாரை எடுத்துவிட்டுப் பார்க்கலாம். சராசரியை விட்டுவிட்டு, ஆட்களை நிரைப்படுத்தி ஒப்பிடும் மற்றச் சோதனையைப் போடலாம். அறுபது தாண்டியவர்களை மட்டும் பார்க்கலாம். சீனியை விட்டு எடையைப் பார்க்கலாம். தட்டிக்கொண்டே போனால் எங்காவது ஒரு கதவு திறக்கும். அதற்கு ஒரு காரணமும் எழுதலாம். யாரும் கேட்கப்போவதில்லை.

அவள் எழும்பினாள்.

"தேத்தண்ணி போடப்போறன். உமக்கும் கொண்டுவாறன்" என்று சொல்லிவிட்டு, கதவையும் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

தண்ணீர் கொதிக்கும் நேரம் முழுவதும் அந்தக் கணினி எனக்குத்தான். விரல் சுட்டெலியில் இருந்தது. நேர்மை கீர்மை எல்லாம் அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. நான் இப்போது ஒன்றை அழுத்தினால், அந்தப் பெட்டை வாழ்நாள் முழுக்க என்னைவிட ஒரு படி மேலே நிற்பாள் என்ற ஒரே எண்ணம்தான் வந்தது. அந்தப் பொறாமையில்தான் கையை எடுத்து மடியில் வைத்தேன்.

அவள் இரண்டு கோப்பையோடு வந்தாள். ஒன்றை எனக்கு முன்னால் வைத்தாள். என் பக்கத்தில் இருந்து தன்னுடையதை ஊதத் தொடங்கினாள். நான் திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

"நான் ஒண்டும் செய்யேல்லை. வேணுமெண்டாப் பாரும்" என்றேன்.

"ஏன் பாக்கவேணும்? இஞ்ச இருந்தது நீர்தானே" என்றாள் அவள். "சீனி காணுமோ எண்டு பாரும்."

குடித்தேன். காணும் என்றேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தரம், கடைக்கண்ணாலாவது, அவள் அந்தத் திரையைப் பார்த்திருக்கலாமே.